என் நெஞ்சுல இருந்த இரைச்சல்

இல்ல தம்பி, அது மேகம் இல்ல. என் நெஞ்சு.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இந்த பாக்ஸ் மேலேயே உக்காருங்க. நான் உக்காந்தே அது உடையல. மைக் செட் பேசத்தான வந்தீங்க, பேசிருவோம். கடைக்கு வாற ஆளு அத்தனை பேரும் முதல்ல அந்தப் படத்தைத்தான் பாக்காங்க. ஒருத்தர் கேட்டாரு, ‘அண்ணாச்சி, புயல் வாற போட்டோவை எதுக்கு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கீங்க?’ன்னு. புயல்தான். என் நெஞ்சுக்குள்ள அடிச்ச புயல்.

நல்லாப் பாருங்க. இடது பக்கம், ஆடி மாசம் குற்றாலத்துல சாரல் அடிக்க மாதிரி கோடு கோடா இருக்கா? அது பழைய படம். வலது பக்கம் பளிச்சுன்னு இருக்கு, அது புதுப் படம். ரெண்டும் ஒரே நெஞ்சு. சரி, அது யாருக்கும் புரியும். விசேஷம் என்னன்னா, ரெண்டும் ஒரே தடவை எடுத்தது. இந்தப் புதுப் படத்துக்காக நான் ரெண்டாவது தடவை மிஷினுக்குள்ள போகவே இல்ல. எடுத்ததையே வச்சு அந்தச் சாரலை எல்லாம் வழிச்சு எறிஞ்சாங்க. அப்படி எறியிறதுக்கு ஒரு புரோகிராம் கண்டுபிடிச்சாங்க. அதைக் கண்டுபிடிச்சதுல என் பங்கும் உண்டு. பெரிய பங்கு. நானா சொல்லப்படாது, இருந்தாலும் சொல்லுதேன்.

போன வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. வில்லுப்பாட்டு ஆரம்பிக்கணும், கூட்டம் உக்காந்திருக்கு. நான் மைக்கைப் பிடிச்சு ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’னேன். அடுத்தாப்புல இருமல் வந்துச்சு. சாதாரண இருமல் இல்ல. நிறுத்த முடியல, மைக்கை அணைக்கவும் கை போகல. ஊர் பூரா கட்டியிருந்த அத்தனை குழாய் ஸ்பீக்கர்லயும் என் இருமல்தான். தெக்குத் தெருவுல கட்டிக் கிடந்த மாடெல்லாம் எந்திரிச்சிருச்சு. தர்மகர்த்தா வந்து, ‘பூலோகம், அம்மனே பயந்துட்டா. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ’ன்னாரு.

பூலோகபாண்டின்னு முழுப்பேரு. பூலோகம்னுதான் கூப்பிடுவாங்க. உடம்பைப் பாத்துக் கூப்பிடுதாங்கன்னு சில பேரு நினைக்காங்க. நான் ஒண்ணும் குண்டு இல்ல தம்பி. எலும்பு அகலம்.

நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகல. பயந்து இல்ல. கொடை சீசன், வேலை. அப்புறம் கல்யாண சீசன். அப்புறம் சும்மா இருந்தேன், ஆனாலும் போகல. என் வீட்டுக்காரி சொர்ணம்தான் பயந்துபோய்க் கெடந்தா. ‘ஏங்க, உங்களுக்குப் பயமா இருந்தா நானும் உள்ளே வாறேன்’ம்பா. எனக்கு என்ன பயம்? அவ பயத்துக்காகத்தான் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன்.

அங்க முதல்ல எக்ஸ்ரே எடுத்தாங்க. தெளிவா இல்லன்னு சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பிட்டாங்க. வட்டமா இருக்குமே, இட்லிக் கொப்பரையைச் சாய்ச்சு வச்ச மாதிரி, அந்த மிஷின். படுக்க வச்சு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கன்னாங்க. வலது கை போச்சு. இடது கை போகல. வேப்ப மரத்துல குழாய் கட்டும்போது ஏணி சரிஞ்சு விழுந்ததுல இருந்து அந்தக் கை தோளுக்கு மேல போகாது. ‘சரி, ரெண்டு கையும் உடம்போட ஒட்டியே இருக்கட்டும்’னு சொல்லிட்டாங்க. உள்ளே தள்ளும்போது ரெண்டு பக்கமும் உரசிச்சு.

அதுக்கு அடுத்த நாள் கூப்பிட்டாங்க. டாக்டர் பீர்முகம்மது. இந்த ஸ்கேன் படம் பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர் அவர்தான். தங்கமான மனுஷன். பக்கத்துல உக்கார வச்சு கம்ப்யூட்டர்ல காட்டினாரு.

‘அண்ணாச்சி, இது உங்க வலது தோள், இது இடது தோள். ரெண்டுக்கும் நடுவுல இப்படிக் கோடு கோடா ஓடுது பாருங்க, இது உங்க உடம்புல இல்ல. படத்துல விழுந்த குறை.’

‘மிஷின் கோளாறா சார்?’

‘கோளாறு இல்ல. இந்த மிஷின் உங்களைச் சுத்திச் சுத்தி வந்து நாலா பக்கமும் கதிரை விடுது. அந்தப் பக்கம் எவ்வளவு வந்து சேருதுன்னு எண்ணி எண்ணித்தான் கம்ப்யூட்டர் படம் போடுது. முன்னால இருந்து பின்னால போற கதிர் நல்லாப் போயிருது. இந்தத் தோள்ல நுழைஞ்சு அந்தத் தோள்ல வெளியே வாறதுக்குள்ள முக்காவாசி செத்துருது. கையும் கூட இருந்ததால இன்னும் மோசம். அந்தப் பக்கம் வந்து சேந்தது ரொம்பக் கொஞ்சம். அதை வச்சுப் போட்டா படம் இப்படித்தான் சாரலடிக்கும்.’

‘அப்ப திரும்ப எடுங்க, கொஞ்சம் கூட்டி வச்சு எடுங்க’ன்னேன்.

‘மிஷினோட சக்தி பூராவையும் உங்களுக்கே போட்டாச்சு. இதுக்கு மேல கூட்ட அதுல இடம் இல்ல’ன்னாரு.

கேட்டதும் எனக்கு ஒரு பெருமை தம்பி. அவ்வளவு பெரிய மிஷின், என் தோளைத் தாண்ட முடியாம நின்னு போச்சு! சொர்ணத்தைத் திரும்பிப் பாத்தேன். அவ படத்தையே பாத்துட்டு இருந்தா. அவ கேட்டா, ‘சார், அந்தக் கோட்டுக்கு அடியில வெள்ளையா ஒரு புள்ளி இருக்கே?’

டாக்டர் அந்தப் புள்ளியைப் பெருசாக்கிக் காட்டினாரு. அப்புறம், ‘அதுக்குத்தான்மா கூப்பிட்டேன்’னாரு.

காறை எலும்புக்குப் பின்னால, நுரையீரல் உச்சியில அந்தப் புள்ளி. கட்டியா இருக்கலாம். ரெண்டு கோடு குறுக்க விழுந்து புள்ளி மாதிரி தெரியவும் செய்யலாம். எதுன்னு சொல்ல முடியலன்னாரு. நுரையீரல் டாக்டர் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாத்துருவோம்னு சொல்லிட்டாரு. ஆனா பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது, இடம் சரியில்ல. பீர்முகம்மது சார்தான் நடுவுல விழுந்தாரு. ‘ஒரு வாரம் பொறுப்போம். எங்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணு ஒண்ணு இஞ்சினியரிங் காலேஜ்ல ப்ரொபசரா இருக்கு. அமலின்னு பேரு. இந்தச் சாரலை எப்படி நீக்குறதுன்னுதான் அது ஆராய்ச்சியே. மிஷின் எண்ணின கணக்கு அப்படியே இருக்கு. அதைக் குடுத்துப் பாப்போம். குடுக்கலாமா அண்ணாச்சி?’

தாராளமாக் குடுங்கன்னேன்.

அந்த ஒரு வாரம் சொர்ணத்தை நினைச்சாத்தான் எனக்குக் கவலை. பயந்துபோயிருப்பாளே, அவளுக்குப் பொழுது போகணுமேன்னு, சும்மா, கடையில இருக்கிற சாமான் பூராவையும் எடுத்து வெளியே போட்டேன். ஆம்ப்ளிபயர், மிக்சர், குழாய், யூனிட், வயர். எந்த வயர் எதுல போகும், எர்த் எங்க குடுக்கணும், மைக் கத்துனா எந்தத் திருகைக் குறைக்கணும், எல்லாம் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். வயருக்கெல்லாம் கலர் டேப் சுத்தினேன். அவளும் ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ‘இது எதுக்குங்க? அது எதுக்குங்க?’ன்னு கேட்டுட்டே இருந்தா. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் பேசிட்டே இருப்பேன்.

நடுவுல ஒரு நாள் சங்கரன்கோவிலுக்கு மக வீட்டுக்குப் போனேன். அங்க ஃபேனை எல்லாம் கழட்டி மாட்டினேன், மோட்டாருக்கு வயர் மாத்தினேன், ஸ்விட்சு போர்டெல்லாம் புதுசாப் போட்டேன். ‘ஏம்ப்பா இவ்வளவு அவசரமாச் செய்தீங்க? எல்லாம் ஓடிட்டுத்தான இருக்கு?’ன்னு கேட்டா. ‘ஓடும்போதே பாத்து வச்சாத்தான் நல்லது’ன்னேன். அவ ஏன் அழுதான்னு தெரியல. வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா, அதுவா இருக்கும்.

அப்புறம் எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. வேலை எப்படி நடக்குதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்னு சொர்ணத்தையும் கூட்டிட்டு அமலி ப்ரொபசர் காலேஜுக்கே போயிட்டேன். அந்தப் பிள்ளை கூப்பிடல. நானாத்தான் போனேன். உள்ளே போனா, மேஜையில கம்ப்யூட்டர்ல என் நெஞ்சு!

‘நீங்கதானா பூலோகபாண்டி அண்ணாச்சி?’ன்னு எந்திரிச்சு நின்னுட்டுது. ‘உங்க படத்துலதான் ஒரு வாரமா முட்டிட்டு இருக்கேன். இவ்வளவு இரைச்சல் நான் பாத்ததே இல்ல.’

இரைச்சல்! படத்துல இருக்கிற அந்தச் சாரலுக்கு அவங்க சொல்ற பேரே அதுதானாம். எனக்கு எப்படி இருக்கும்? முப்பது வருஷமா நான் வேற என்ன தொழில் பாக்கேன்? ‘இரைச்சல்தானம்மா, முதல்லயே எங்கிட்ட வந்திருக்கலாமே’ன்னேன். அந்தப் பிள்ளை சிரிச்சுட்டு, எனக்குப் புரியிற மாதிரி சொல்லிச்சு.

‘பழைய முறையில எல்லாக் கதிரையும் ஒரே மாதிரி நம்புவாங்க அண்ணாச்சி. நாங்க அப்படி நம்புறது இல்ல. நல்லா வந்து சேந்த கதிர் சொல்றதை நிறைய நம்புவோம். உங்க தோள்ல சிக்கிச் சாகப் பொழைக்க வந்த கதிர் சொல்றதைக் கொஞ்சமா நம்புவோம். அப்புறம் உள்ளே இப்படி இருக்கும்னு ஊகமா ஒரு படம் போடுவோம். அந்தப் படம் நிஜம்னா மிஷின் எவ்வளவு எண்ணியிருக்கணும்னு கணக்குப் போட்டு, நிஜமா எண்ணினதோட ஒத்துப் பாப்போம். ஒத்து வரலன்னா படத்தைத் திருத்துவோம். திருப்பி ஒத்துப் பாப்போம். ஒத்து வாற வரைக்கும் விடமாட்டோம்.’

‘வந்துச்சா?’ன்னேன்.

ஒரு படத்தைக் காட்டிச்சு. ஆஹா! ஒரு கோடு இல்ல. வெண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு நெஞ்சு. புள்ளியும் இல்ல! நான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டுட்டேன். ‘புள்ளி போச்சு சொர்ணம்!’னு கத்திட்டேன்.

அந்தப் பிள்ளை முகம் வாடிப்போச்சு. ‘அண்ணாச்சி, உக்காருங்க. இதை டாக்டர் ஒத்துக்கல. நானும் ஒத்துக்கல’ன்னுச்சு.

ஏன்னா, அங்க ஓட வேண்டிய சின்னச் சின்ன ரத்தக்குழாயும் சேந்து காணாமப் போயிருக்கு. கோட்டை அழிக்கும்போது நிஜமா இருக்கிறதும் அழிஞ்சிருக்கு. அப்படின்னா புள்ளி பொய்யாப் போச்சா, மெய்யா இருந்து அழிஞ்சு போச்சா? அதைச் சோதிக்க ஒரு பொம்மை செஞ்சிருக்காங்க. மனுஷ நெஞ்சு மாதிரி பொம்மை. அதுக்கு உள்ளே, என் புள்ளி இருக்கிற இடத்துலயே ஒரு சின்னப் பாசிமணியை வச்சு, ரெண்டு தோள் பக்கமும் தண்ணிப் பையைக் கட்டி அகலமாக்கி, அதே மிஷின்ல படம் எடுத்திருக்காங்க. இந்த வழவழ முறையில போட்டா அந்த மணியும் காணாமப் போகுதாம்.

‘அகலம்னா, யாரு அளவுக்கு?’ன்னு கேட்டேன்.

‘உங்க அளவுக்குத்தான் அண்ணாச்சி.’

எனக்குப் பொம்மை செஞ்சிருக்காங்க தம்பி! ஊருல எத்தனை பேருக்குச் சிலை வச்சிருக்காங்க, சொல்லுங்க. எனக்கு வச்சிருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வாறேன். அப்பதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். ‘அம்மா, மைக்குல கரகரன்னு வந்தா, கத்துக்குட்டி என்ன பண்ணுவான் தெரியுமா? கீச்சுன்னு வாற மேல் சத்தத்தை எல்லாம் ஒட்டுமொத்தமா அமுக்கிருவான். கரகரப்பும் போயிரும், நாதஸ்வரமும் கம்பளியைப் போத்தின மாதிரி ஆயிரும். நீ ரொம்ப அமுக்கிட்டே. கொஞ்சம் விடு. எங்க கரகரப்போ அங்க மட்டும் அமுக்கு.’

‘ஆமா அண்ணாச்சி. டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க. மூணு நாளா அதைத்தான் சரி பண்ணிட்டு இருக்கேன். ரத்தக்குழாய் மாதிரி நிஜமா இருக்கிறதோட விளிம்பு வாற இடத்துல அமுக்காம விடுற மாதிரி புரோகிராமை எழுதியாச்சு. இப்ப ஓடிட்டு இருக்கு’ன்னு பக்கத்துக் கம்ப்யூட்டரைக் காட்டிச்சு.

பாத்தீங்களா? நான் சொல்லி வாய் மூடல, அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிருச்சு. அவ்வளவு வேகமான பிள்ளை.

மத்தியானம் சாப்பிட்டுட்டு வாங்கன்னுச்சு. கேண்டீன்ல தயிர்சாதம் வாங்கினோம். எனக்குப் பசி இல்ல. சொர்ணம் ரெண்டு பங்கையும் சாப்பிட்டா. சிலருக்குப் பயம் வந்தா அப்படித்தான் பசிக்கும்.

திரும்பி வந்தப்ப பீர்முகம்மது சாரும் அங்க வந்திருந்தாரு. ரெண்டு பேரும் முதல்ல பொம்மைப் படத்தைப் பாத்தாங்க. மணி அப்படியே இருக்கு, முத்து மாதிரி. கோடு இல்ல. அப்புறம் என் படம். அதோ வலது பக்கம் மாட்டியிருக்கே, அதுதான். டாக்டர் மூக்கு கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல இடிக்க மாதிரி குனிஞ்சு பாத்தாரு. படத்தை முன்னால உருட்டினாரு, பின்னால உருட்டினாரு. ரத்தக்குழாய் ஒவ்வொண்ணும் வேர் மாதிரி ஓடுது. புள்ளி இருந்த இடத்துல புள்ளி இல்ல. மெல்லிசா, நகக்கீறல் மாதிரி ஒரு கோடு.

‘அண்ணாச்சி, சின்ன வயசுல காசநோய் ஏதும் வந்துச்சா?’

எனக்கு ஞாபகம் இல்ல. சொர்ணம் சொன்னா, ‘அஞ்சாம் கிளாஸ்ல ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகாம மாத்திரை சாப்பிட்டதா அத்தை சொல்லுவாங்க சார்.’

டாக்டர் நாற்காலியில சாஞ்சுட்டாரு. ‘அந்தத் தழும்புதான் இது. ஆறிப்போய் நாற்பது வருஷம் ஆச்சு. அது மேல ரெண்டு கோடு குறுக்க விழுந்து உருண்டையாக் காட்டியிருக்கு. கட்டி இல்ல. ஊசி வேண்டாம்.’ நுரையீரல் டாக்டரும் பாத்துட்டு அதையேதான் சொன்னாரு. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்தாங்க, அப்படியேதான் இருந்துச்சு. இருமலா? ஜெனரேட்டர் பக்கத்துலயே உக்காந்து புகையைக் குடிச்சிருக்கேன். தள்ளி வைன்னாங்க, வச்சேன். போச்சு.

அன்னைக்கு அந்த ரூம்ல ஏ.சி. ரொம்ப ஜாஸ்தி தம்பி. என் கண்ணுல தண்ணி கொட்டிட்டே இருந்துச்சு. அமலி பிள்ளை டிஷ்யூ பேப்பர் டப்பாவையே எங்கிட்டக் குடுத்திருச்சு. ஏ.சி.யைக் குறைக்கணும்னு அதுக்குத் தோணல பாருங்க.

அதோட முடியல. மதுரையில ஒரு பெரிய மீட்டிங், எங்கெங்க இருந்தோ டாக்டர்மாரும் இஞ்சினியர்மாரும் வந்திருந்தாங்க. அமலி அங்க பேசணும். ‘அண்ணாச்சி, பேரைச் சொல்லாம உங்க படத்தைப் போட்டுக்கலாமா?’ன்னு கேட்டுச்சு. பேரைச் சொல்லியே போடுன்னேன், கேக்கல. சரின்னு நானும் சொர்ணமும் நேர்லயே போய் முன் வரிசையில உக்காந்துட்டோம். ஸ்கிரீன்ல என் நெஞ்சு, சுவர் அகலத்துக்கு! அந்தப் பிள்ளை சொல்லுது, ‘எங்களுக்குக் கிடைச்ச படங்கள்லயே இதுதான் ரொம்பச் சிரமமான படம். இதுல வெற்றினா எதுலயும் வெற்றிதான்.’ கேட்டீங்களா? அத்தனை பேரு படத்துலயும் என் படம்தான் முதல்!

அப்பதான் மைக் கத்திச்சு. கீ…ன்னு. எல்லாரும் காதைப் பொத்திட்டாங்க. அந்த ஹாலுக்கு செட் போட்டவனுக்கு ஸ்பீக்கரை எங்க வைக்கணும்னே தெரியல. நான் எந்திரிச்சேன். ஆனா அந்த நாற்காலி ரெண்டு பக்கமும் கை வச்ச நாற்காலி. அதுவும் என்கூடவே எந்திரிச்சிருச்சு. நான் அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கும்போதே சொர்ணம் விறுவிறுன்னு மேடைக்குப் போனா. மைக்கை ஒரு சாண் திருப்பினா, பக்கத்துல இருந்த மிக்சர்ல ரெண்டு திருகைத் தொட்டா. சத்தம் நின்னு போச்சு. ‘பேசும்மா’ன்னு அமலிகிட்ட சொல்லிட்டு, சேலையை இழுத்துச் செருகிட்டு வந்து உக்காந்துட்டா. ஹால் பூரா கைதட்டுது தம்பி!

அந்தக் கைதட்டுல பாதி எனக்குச் சேரணும். சொல்லிக் குடுத்தது யாரு?

திரும்பி வாறப்ப பஸ்ல கேட்டேன். ‘பரவாயில்லையே, அந்த ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்ததை இவ்வளவு நல்லாப் பிடிச்சுக்கிட்டியே.’

அவ ஜன்னல் பக்கம் பாத்துட்டே, ‘இதெல்லாம் எனக்கு நம்ம கல்யாணம் ஆன வருஷமே தெரியும்ங்க’ன்னா.

‘பின்ன ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி அது எதுக்கு, இது எதுக்குன்னு கேட்டுட்டே இருந்தே?’

‘பேசிட்டே இருந்தா நீங்க பயப்பட மாட்டீங்கன்னுதான்.’

நான் பயந்தேனாம்! நல்ல கூத்து. அவ பயத்தை மறைக்க எம்மேல போடுதா. நான் ஒண்ணும் மறுத்துப் பேசல, பாவம்னு விட்டுட்டேன். விருதுநகர் தாண்டினதும் அவ தூங்கிட்டா. தலை என் இடது தோள்ல சாஞ்சிருந்துச்சு. வலிக்கிற தோள்தான். கோவில்பட்டி வாற வரைக்கும் நான் அசையல.